தெமோவின் தகரக் கூரையும் ஏரிப் பனியும்

சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். தெமோவின் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. ஏறியிருந்தால் என் ரொட்டிப் பலகை இன்றைக்கு இப்படி இரண்டு துண்டாகக் கிடக்காது.

தெமோ என் வீட்டுக்காரர் சிலோவின் தம்பி. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு நின்ற பொடியன். அப்போதே அவனுக்குப் பனி வாருவது பிடிக்காது. எங்கள் ஊர் மலைச்சரிவில் படிப்படியாக இருக்கிறது. கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்காரனுக்கு முற்றம். எல்லாம் தட்டையான மண்கூரை. பனி விழுந்தால் அன்றைக்கே வாரித் தள்ள வேண்டும். விட்டால் உத்தரம் முனக ஆரம்பிக்கும், அப்புறம் ஒருநாள் முனகலும் நின்றுவிடும். அதனால் நடக்கத் தெரிந்த எல்லோர் கையிலும் ஒரு பனிவாரி இருக்கும். நீளப் பிடி, அகலப் பலகை, அவ்வளவுதான். தெமோ கையிலும் இருந்தது. அதன்மேல் மோவாயை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வான்.

"இது லேசுப் பனி அண்ணி. காத்தே அடிச்சிட்டுப் போயிரும்."

மத்தியானத்துக்குள் அந்த லேசுப் பனி நனைந்த கோணிச் சாக்குகளை அடுக்கின மாதிரி கூரையில் படுத்திருக்கும். காற்று அதைத் தொட்டும் பார்க்காது.

"முழங்கால் அளவுதானே விழுந்திருக்கு" என்பான் அப்போதும்.

அவனோடு எனக்கு இருந்த சண்டையெல்லாம் இதுதான். பனியை அவன் உயரத்தால் மட்டும்தான் அளப்பான். முழங்கால், இடுப்பு, தோள். அட முட்டாளே, ஒரு தொட்டி நிறைய மாவும் ஒரு தொட்டி நிறைய பிசைந்த மாவும் உயரத்தில் ஒன்றுதான், தூக்கிப் பார் என்பேன். தூக்கவே மாட்டான். தூக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எங்கள் பனி பிசைந்த மாவுதான். அதற்குக் காரணம் எதிரே கிடக்கிற ஏரி. ஏரி என்று சொன்னால் இங்கே கோபித்துக்கொள்வார்கள், எங்களுக்கு அது கடல். சோடா கரிக்கிற தண்ணீர், துணியை முக்கிக் கசக்கினால் சோப்பில்லாமலே வெளுக்கும். அந்தக் கரிப்பினால் எந்தக் குளிரிலும் அது உறைவதில்லை. ஊரெல்லாம் கல்லாகக் கிடக்கும்போது அது மட்டும் அடுப்பில் ஏற்றின அண்டா மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருக்கும். வடக்கிலிருந்து வருகிற காற்று எலும்பு மாதிரி வறண்ட காற்று. ஏரியைக் கடக்கும்போது அந்த ஆவியையெல்லாம் முதுகில் ஏற்றிக்கொள்ளும். கரை ஏறினதும் எங்கள் மலை குறுக்கே நிற்கிறது. சுமையோடு ஏற முடியாது. மூட்டையை அவிழ்த்து எங்கள் தலையில் கொட்டிவிட்டு மேலே போகும். ஏரியின் கதகதப்பு அதில் இன்னும் இருப்பதால் இதழ் இதழாக, பிய்த்துப் போட்ட ஆட்டு ரோமம் மாதிரி விழும். விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். காற்று கொஞ்சம் ஒருபக்கம் திரும்பினால் மூட்டை பக்கத்து ஊருக்குப் போய்விடும். அவர்கள் இடுப்பளவு பனியில் பல்லைக் கடித்துக்கொண்டு வாரும்போது நாங்கள் வெயிலில் உட்கார்ந்து கம்பளி உதறுவோம். அதில் ஒரு சந்தோஷம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

தெமோ வளர்ந்தான், தூர மேற்கே இருக்கிற பூர்ஸா பட்டணத்துக்குக் கட்டட வேலைக்குப் போனான், சிமெண்டு சுமந்தான். நடுவில் வந்து அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து கஸாலைக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் எனக்கு ஓரகத்தி. நல்லவள், வாயும் கையும் சமமாக ஓடுகிறவள். வருஷத்தில் பாதி அவன் பூர்ஸாவில், அவள் இங்கே. பெண்கள் பிறந்தார்கள், கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. அப்புறம் ஒருநாள் சாரம் சரிந்து விழுந்து முதுகை ஒடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டான். எங்களுக்கு அழுகை. அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி என்று நான் இன்றைக்கும் சொல்வேன். இனிமேல் பனிவாரியைத் தொட வேண்டாமே! மருத்துவரே சொல்லிவிட்டார்.

அதனால் கூரை கஸால் தலையில் விழுந்தது. அவள் மேலே வாருவாள். இவன் ஜன்னலுக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு கண்ணாடியைத் தட்டி வலது பக்கம், இடது பக்கம் என்று கை காட்டுவான். எத்தனையோ வருஷம் இப்படிப் போயிற்று. நானாக இருந்தால் அந்தக் கண்ணாடியை என்றைக்கோ உடைத்திருப்பேன்.

ஒரு குளிர்காலத்தின் கடைசியில், கஸால் என் ரொட்டிக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே தந்தூர் அடுப்பு, அது என் கொட்டகையில்தான், அவள் வீட்டுக்கு நேர் கீழே. உள்ளங்கை இரண்டும் வெடித்திருந்தன. மாவில் கை வைத்ததும் ஸ் என்று இழுத்துக்கொண்டாள். அப்புறம் அடுக்கிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து மடியில் வைத்தாள்.

"அக்கா, நீதான் சாட்சி. அடுத்த குளிர்காலத்துல பனிவாரி மேல என் கை பட்டுச்சுன்னா, பனி உருகிப் பாதை தொறந்த அன்னைக்கே பூர்ஸாவுக்குப் போயிருவேன். எங்க அண்ணன் வீட்டுல சுவரோரமா குழாய் வெச்சு வெந்நீர் ஓடுதாம். கூரையப் பத்தி ஒருத்தரும் நினைக்கிறதே இல்லையாம்."

"கூரைக்கு மேல என்ன இருக்கு?"

"இன்னொரு குடும்பம்."

"அவங்க கூரைக்கு மேல?"

"வெளையாடாத அக்கா. இந்த ரொட்டி மேல சத்தியம்."

ரொட்டிமேல் கைவைத்துச் சொன்னால் எங்களில் யாரும் சிரிப்பதில்லை. சாயங்காலம் தெமோவிடம் சொன்னபோது அவன் முகம் செத்துப்போயிற்று.

"அவ போனா நானும் போகணுமே, அண்ணி. மச்சான் வீட்டு மூலையில உக்காந்து, அவன் ஊத்துற டீய எண்ணி எண்ணிக் குடிக்கணுமா? அந்த ஊர்ல எனக்கு செங்கல்லத் தவிர வேற யாரையும் தெரியாது."

"அப்ப நீ கூரையப் பாரு."

"பாக்குறேன். அப்படிப் பாக்குறேன், இனிமே இந்த வீட்டுல ஒருத்தரும் வாரியத் தொட வேண்டாம்."

அதுதான் தகரக் கூரை. வாட்டமாகத் தகரம் போட்டுவிட்டால் பனி தானாக வழுக்கி விழுந்துவிடும் என்று எங்கேயோ பார்த்திருக்கிறான். யோசனை தப்பு என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் யாரைக் கூட்டி வந்தான்? பூர்ஸாவில் கூட வேலை பார்த்த மெஜீதை. மெஜீதுக்கு ஊர் சால்திரான் சமவெளி. ஏரிக்கு அந்தப் பக்கம், வடக்கே, உயரத்தில் கிடக்கிற மேடு. அங்கே குளிர் என்றால் துப்பினால் தரையில் உருள்கிற குளிர். காற்று இன்னும் ஏரியைப் பார்க்கவில்லை, நனையவில்லை. அதனால் பனி கொஞ்சமாக விழும், விழுகிறதும் சலித்த மாவு மாதிரி பொடியாக விழும். கையில் எடுத்து உருட்டினால் உருண்டை பிடிக்காது. ஊதினால் போய்விடும்.

அந்த ஊர் அளவை வைத்துக்கொண்டு மெஜீது தெமோ வீட்டுக் கூரைக்குக் கைமரம் ஏற்றினான். கிட்டத்தட்டத் தட்டையாகவே இருந்தது. மேலே ஒரு பூனை படுத்தால்கூட நழுவாது.

நான் மோர்க் கஞ்சி கொண்டுபோனபோது கேட்டேன். "ஏம்ப்பா, வாட்டம் பத்தாதே?"

"அம்மா, எங்க ஊர்ல பாதி வீடு நான் போட்ட கூரைதான். இந்த வாட்டத்துல பனி நிக்கவே நிக்காது."

"உங்க ஊர்ப் பனி நிக்காது. எங்க ஊர்ப் பனி வந்து உக்காந்து டீ கேக்கும்."

மெஜீது சிரித்தான். தெமோ சிரிக்கவில்லை. "பனின்னா பனிதான் அண்ணி. வெள்ளையா இருக்கும், மேலேருந்து விழும்" என்றான். முகட்டை இன்னும் தூக்க வேண்டுமென்றால் நீள நெட்டிலிங்க மரம் வேண்டுமாம், அது எங்கே கிடைக்குமாம், காற்று தூக்கிக்கொண்டு போய்விடுமாம்.

"சரி, வழுக்கி விழற பனி எங்க போய் விழும்?"

"பள்ளத்துப் பக்கம்."

"பள்ளத்துப் பக்கம் என்ன இருக்கு?"

எட்டிப் பார்த்தான். "உங்க ரொட்டிக் கொட்டகை."

"அதுக்குள்ள யாரு இருப்பா?"

"அண்ணி, நீங்க எப்பவும் கெட்டதையே நினைக்கிறீங்க."

இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது? கஞ்சிப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

முதல் பனி வடகாற்றோடு வந்தது. காலையில் ஊரே கூரைமேல் நின்று வாரியது. கஸால் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியை வைத்துக்கொண்டு, டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கண்ணாடியைத் தட்டிக் கைகாட்டினாள். பெரிய ராணி! தெமோ முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தான். பனி அசையவில்லை. இருமிப் பார்த்தான். நீளக் கம்பால் இறவாரத்தைத் தட்டினான். ஒரு கட்டி அவன் கழுத்துக்குள் விழுந்தது. மற்றதெல்லாம் அப்படியே, தகரத்தோடு தகரமாக ஒட்டிக்கொண்டு, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

என் கொட்டகைக் கதவில் தலை நீட்டினான்.

"அண்ணி, கஸாலக் கொஞ்ச நேரம் இங்க வெச்சுக்கிறீங்களா?"

"எதுக்கு?"

"ரொட்டி சுட."

"ரொட்டி இருக்கு."

"அண்ணி…" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் பனிவாரி. அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான், என்னவோ நான் பார்க்காத மாதிரி. புரிந்துவிட்டது. அவள் உள்ளே மாவு பிசையும்போது இவன் ஏறி வழித்துவிட வேண்டும். அவள் திரும்பி வரும்போது கூரை சுத்தமாக, தானாக வழுக்கினதாக இருக்க வேண்டும்.

"நேரா அவகிட்டயே சொல்லு. கூரை தப்பாப் போச்சு, நானே வாருறேன்னு சொல்லு. அவ சத்தியம் அவ கைக்குத்தானே, உன் கைக்கா?"

"நான் ஏறினா அவ பொறுக்க மாட்டா. முதுகு போயிரும்னு சொல்லி வாரியப் பிடுங்கிருவா. பிடுங்கினா தொட்டதாயிடும். தொட்டா போயிருவா."

அதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். கூப்பிட்டேன் அவளை.

அந்தக் குளிர்காலத்தில் நான் சுட்ட ரொட்டியை ஒரு பட்டாளத்துக்குப் போட்டிருக்கலாம். ஏரிப் பனி விழுகிற போதெல்லாம் தெமோ ஜன்னலில் இருமுவான். நான் அடுப்பு மூட்டுவேன். உலர்த்தி வைத்த வறட்டி கரைந்தது. மாவு கரைந்தது. அடுக்கு உத்தரத்தைத் தொட்டது. நாய்கள்கூட ரொட்டியை முகர்ந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயின.

"அக்கா, போன தடவ சுட்டதே தொடாம இருக்கே."

"விருந்தாளி வரலாம்."

"பாதையே மூடிக் கிடக்கு."

"மூடிக் கிடந்தா வர மாட்டாங்களா? நீ தட்டு."

அப்போதுதான் மேலே தடதடவென்று சத்தம் கேட்கும்.

"என்னக்கா அது?"

"பூனை."

"பூனையா? கன்னுக்குட்டி கணக்கா நடக்குதே!"

"ரொட்டி தின்ன பூனை. அப்படித்தான் நடக்கும்."

அவள் சிரிப்பாள். அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. கை ஆறிவிட்டிருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. மாவைத் தட்டிக்கொண்டே கல்யாணப் பாட்டு பாடுவாள், அத்தனை வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. வீட்டுக்குப் போனால் தெமோ வில்லாக வளைந்து நடப்பான். குளிர் முதுகில் இறங்கிவிட்டது என்று பொய் சொல்வான். அவள் வெண்ணெயைக் காய்ச்சி முதுகில் தேய்த்துவிடுவாள். தேய்த்துக்கொண்டே "கூரை போட்டியே மனுஷா, அது ஒண்ணே போதும்" என்பாளாம். அவனே வந்து என்னிடம் சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிவிட்டுப் போவான். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நடுக் குளிர்காலத்தில் காற்று நின்றது. வானம் கண்ணாடி மாதிரி ஆயிற்று. கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிற குளிர். அந்தக் குளிரில் விழுந்த பனி ஏரியினுடையதே இல்லை, வேறு ஜாதி. பொடி உப்பு மாதிரி, கொஞ்சமே கொஞ்சம். மிதித்தால் புதுச் செருப்பு மாதிரி கிறீச்சிடும். அது தகரத்தின்மேல் விழுந்த கையோடு ஸ்ஸ் என்று தானாகச் சறுக்கிக்கொண்டு இறங்கியது.

தெமோ தெருவுக்கே ஓடினான். "வாங்க, வந்து பாருங்க! யாராவது தொட்டாங்களா? யாராவது ஏறினாங்களா?" கிழவன்களையெல்லாம் முற்றத்தில் நிற்கவைத்துக் காட்டினான். என் பக்கம் திரும்பி, "என்ன அண்ணி, பனி டீ கேக்கலியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கஸாலும்தான். இரண்டு மாதமாகப் பொய்யை ரொட்டியில் வைத்துச் சுடுகிறவள் நான், எனக்குக் கிடைத்த மரியாதை இது!

ஆனால் நான் கூரையைப் பார்த்தேன். எல்லாம் இறங்கவில்லை. முகட்டோரம், புகைபோக்கியைச் சுற்றி, ஒரு படுகை நின்றிருந்தது. அப்படிக் குளிரில் கிடக்கிற பனி சும்மா கிடக்காது. உள்ளுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும், ஒன்றோடொன்று பிடிப்பு விட்டு, பருத்த கல்லுப்பு மாதிரி உதிரியாகிவிடும். இறவாரத்தில் வீட்டுச் சூட்டில் உருகின தண்ணீர் மறுபடி உறைந்து தடித்த பனிக்கட்டி உதடாக நின்றது. அந்த உதடு முட்டுக் கொடுத்துத்தான் மேலே இருப்பதெல்லாம் நின்றது.

அப்புறம் வடகாற்று திரும்பி வந்தது, சுமையோடு. அந்தக் கல்லுப்பின்மேல் பிசைந்த மாவு விழுந்தது. விடாமல் விழுந்தது. நின்ற மறுநாள் காலையில் தெற்கே திரும்பிற்று காற்று. தெற்குக் காற்று வந்தால் கன்னத்திலேயே தெரியும், யாரோ கதவைத் திறந்து அடுப்பைக் காட்டின மாதிரி. எல்லா இறவாரமும் சொட்ட ஆரம்பித்தது.

தெமோ இருமினான்.

நான் வெளியே வந்து கையை ஆட்டினேன். வேண்டாம் என்று. அவன் இன்னும் பலமாக இருமினான். கடைசியில் இறங்கியே வந்தான்.

"இன்னைக்கு ஏறாத தெமோ. கீழ உப்பு, மேல பிசைஞ்ச மாவு. ரெண்டும் ஒட்டாது. தண்ணி வேற இறங்குது. உதடு விட்டுச்சுன்னா மொத்தமா வரும்."

"மொத்தமா வந்தா நல்லதுதானே! வழிக்கவே வேண்டாம்."

"அப்ப விடு. வரட்டும்."

"பாதி நேத்தே தகரத்த அமுக்கிருச்சு அண்ணி. உள்ள சட்டம் முனகுது. கஸால் கேட்டுட்டா என்ன சொல்றது?"

"அதையும் பூனைன்னு சொல்லு. எங்கிட்ட மாவு இல்ல, நான் அடுப்பு மூட்டப் போறதில்ல."

போனவன் தோளில் ஒரு மூட்டையோடு வந்தான். அவன் வீட்டு மாவு. முதுகு ஒடிந்தவன்! என் தொட்டியில் கொட்டிவிட்டு, தாடியெல்லாம் மாவாக நின்று, "இப்ப இருக்கு" என்றான்.

கஸால் வந்தாள். "அக்கா, எங்க வீட்டு மாவு மாதிரியே இருக்கே" என்றாள். பலகையைப் போட்டேன். என் மாமியார் கொடுத்த அக்ரூட் மரப் பலகை, ஒரே துண்டு. அவள் உருட்டினாள், நான் அடுப்புச் சுவரில் அறைந்தேன். மேலே நடை கேட்டது. ஒரு தட்டு, இரண்டு தட்டு. உதட்டைத்தான் உடைக்கிறான் மடையன் என்று நான் நினைத்து முடிப்பதற்குள், பெரிய கம்பளத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். கொட்டகை அதிர்ந்தது. கதவுப்பக்கம் இருட்டிவிட்டது.

எங்கள் கதவெல்லாம் உள்பக்கம் திறப்பவை, பனிக்காகவே. திறந்தேன். வாசல் நிறைய வெள்ளைச் சுவர். மேலே மட்டும் கையகலத்துக்கு வெளிச்சம். கஸால் ரொட்டிக் கொக்கிக் கம்பியால் அந்த இடுக்கைக் குத்தி அகலப்படுத்தி, பாம்பு மாதிரி நுழைந்து வெளியே போய்விட்டாள். நானும் ஏறினேன். தலை போயிற்று, ஒரு தோள் போயிற்று. மற்றது போகவில்லை. நான் சுட்ட ரொட்டியை நானும்தானே தின்றேன். அப்படியே சிக்கிக்கொண்டு பார்த்தேன்.

எதிரே பனிமேட்டில் தெமோ அக்குள்வரை புதைந்திருந்தான். குல்லாவைக் காணோம். தலைக்குமேல் ஒரு கை நின்றது. அந்தக் கையில் பனிவாரி.

அவன் கஸாலைப் பார்த்தான். "கஸால்," என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு, "பாத்தியா… தானா வழுக்கிருச்சு."

கடவுளே! நான் அங்கேயே செத்திருக்க வேண்டும்.

கஸால் அவனைப் பார்த்தாள். வாரியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, வாசலில் மாட்டியிருந்த என் தலையைப் பார்த்தாள்.

"பூனை," என்றாள்.

"அப்புறமா திட்டு! தோண்டு முதல்ல!" என்று கத்தினேன்.

கூரையில் பாதிதான் இறங்கியிருந்தது. மறுபாதி முகட்டோரம் விளிம்பில் தொங்கிக்கொண்டு நின்றது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அதற்கு நேர் கீழே அவன். சறுக்கி வந்த ஈரப்பனி ஓடும்வரைதான் பனி, நின்றதும் பூசின சாந்து மாதிரி இறுகிவிடும். கஸால் கையால் பறித்தாள். நகம்தான் போயிற்று. அவன் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நெஞ்சைச் சுற்றி இறுக்குகிறது என்றான்.

"வாரிய வாங்கு அவன்கிட்டேருந்து!" என்றேன்.

"மாட்டேன்."

"என்னடி மாட்டேன்?"

"தொட்டா நான் போகணும். ரொட்டி மேல சொல்லிருக்கேன்."

"போனா போ! பூர்ஸாவுக்குப் போ, எங்க வேணா போ! அவன் செத்துருவான்டி!"

"நான் போக மாட்டேன்!" என்று கத்தினாள். மலையெல்லாம் கேட்டிருக்கும். "எங்கயும் போக மாட்டேன்! பலகையக் குடு அக்கா!"

தெமோ புதைந்த இடத்திலிருந்தே, "கஸால், வாங்கிக்கோ, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான்.

"மேல ஒருத்தன் பாத்துக்கிட்டிருக்கான்ல?"

"அப்ப வாரிய நான் பிடிச்சுக்கறேன். நீ என் கையப் பிடிச்சுத் தோண்டு."

"வாய மூடு!"

நான் பின்னுக்கு நழுவி, என் மாமியாரின் பலகையை எடுத்து அந்த இடுக்கு வழியாகத் தள்ளினேன். அவள் அதை விளிம்பால் போட்டு அறைந்தாள், அறைந்தாள், அவன் பெயரையும் அவன் அப்பன் பெயரையும் சால்திரான் முழுவதையும் திட்டிக்கொண்டே அறைந்தாள். பலகை நடுவில் பிளந்தது. பாதிப் பலகையால் தோண்டினாள். நான் செம்பு அண்டாவைக் கொடுத்தேன், அதனால் வாரி வீசினாள். தெமோ ஒவ்வொரு தடவையும் "மெதுவா, அது என் விலா" என்றான். மாட்டுக் கொட்டிலிலிருந்து என் வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்தாரும் ஓடி வந்தபோது இடுப்புவரை எடுத்திருந்தாள். நாலு பேர் அக்குளில் கைகொடுத்து வேரோடு பிடுங்குகிற மாதிரி பிடுங்கினார்கள். ஒரு பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு கொட்டகை மூலை திரும்பினார்களோ இல்லையோ, மறுபாதி இறங்கிற்று. அவன் நின்ற குழியை மூடிற்று. பனிவாரியையும் மூடிற்று. என் வாசலையும் மறுபடி மூடிற்று. நான் உள்ளேயே இருந்தேன், ரொட்டிகளோடு. என்னைத் தோண்டி எடுக்க மத்தியானம் தாண்டிவிட்டது. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

கஸால் அவனைக் கம்பளிக்குள் போட்டு, சுட்ட செங்கல்லைக் காலடியில் வைத்து, மோர்க் கஞ்சி ஊற்றினாள். பேசவில்லை. பாதை திறக்கிற வரைக்கும் பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான். "அக்கா, உன் கொழுந்தன்கிட்டச் சொல்லு, கஞ்சி ஆறுது." அவன் பக்கத்திலேயே படுத்திருப்பான். "அண்ணி, உங்க ஓரகத்திகிட்டச் சொல்லுங்க, உப்பு கம்மி." நான் இரண்டு பேரையும் பார்த்து, என்னை விடுங்கள் என்று எழுந்து வந்துவிடுவேன். மறுநாள் மறுபடி கூப்பிடுவார்கள்.

என்னோடு மட்டும் ஒருநாள் கணக்குத் தீர்த்தாள். "நீயுமாக்கா?" என்றாள். "நீ பாடினியே, அதான்" என்றேன். அவள் அடுக்கிலிருந்து பழைய ரொட்டியை எடுத்து ஊறவைக்க ஆரம்பித்தாள். அந்த அடுக்கைத் தின்று முடிக்க வெயில்காலம் வந்துவிட்டது.

பாதை திறந்தது. பூர்ஸாவிலிருந்து கஸாலின் அண்ணன் ஆளிடம் சொல்லி அனுப்பினான், இடம் தயாராக இருக்கிறது, வருகிறாளா என்று. "வாரிய நான் தொடல" என்று மட்டும் பதில் சொல்லி அனுப்பினாள். அவனுக்கு என்ன புரிந்ததோ.

பனி உருகினபோது தெமோவின் பூட்ஸும் பனிவாரியும் வெளியே வந்தன. பூட்ஸை எடுத்துக்கொண்டாள். வாரியைக் காலால் உதைத்து உருட்டிக்கொண்டே என் கொட்டகைவரை கொண்டுவந்து, என் வீட்டுக்காரரைக் கொண்டு பிளக்கவைத்து, தந்தூரில் போடச் சொன்னாள். நன்றாக எரிந்தது.

நெட்டிலிங்க மரம் எங்கே கிடைக்கும் என்றானே, அது அவள் அப்பன் வீட்டுத் தோட்டத்திலேயே கிடைத்தது. மெஜீது மறுபடி வந்தான். கஸால் என் உருட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்று, தூக்கு, இன்னும் தூக்கு என்றாள். முகடு கூராக எழுந்தது, சரிவும் என் கொட்டகையை விட்டு ஓடைப்பக்கம் திரும்பிற்று. இப்போது ஏரிப் பனிகூடப் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. ஒட்டிக்கொண்டு உறைகிற நாளில் தெமோ ஏறித்தான் ஆக வேண்டும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, புது வாரியோடு, எல்லோரும் பார்க்க ஏறுகிறான். கயிற்றின் மறுமுனை கஸால் கையில். கயிறு வாரி இல்லையாம், சத்தியத்தில் வராதாம். வலது பக்கம், இடது பக்கம் என்று கீழிருந்து அவள் கத்துவது ஏரிக்கரைவரை கேட்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? கூரை தப்பில்லையாம். அந்த வருஷம் பனிதான் தப்பாக விழுந்ததாம். சால்திரான் பனி இங்கே விழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாம். ஏரியைத் தூக்கி வேறு எங்காவது வைத்துவிட்டு வா, அப்போது விழும் என்றேன். யோசிப்பவன் மாதிரி ஏரியைப் பார்த்தான்.

பலகை செய்து தருகிறேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒருமுறை மிச்சம் விழுந்த நெட்டிலிங்கப் பலகையைக் கொண்டுவந்து நீட்டினான், அக்ரூட்டுக்குப் பதிலாக நெட்டிலிங்கம்! திருப்பி அனுப்பிவிட்டேன். பாதிப் பலகையில்தான் தேய்க்கிறேன். ரொட்டி ஒருபக்கம் வெட்டின மாதிரி அரைவட்டமாகத்தான் வருகிறது. அதையெல்லாம் தனியாக அடுக்கி வைத்து தெமோ வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன்.